உதட்டுக்கு நேரே ஓர் எழுத்து

அம்மாவைக் கிடத்தியிருந்த ஐஸ்பெட்டியின் கண்ணாடிமேல் அண்ணன் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை வைத்தான். அதிலிருந்து சிவப்பு வெளிச்சத்தில் ஒரு கீபோர்டு விரிந்தது. கண்ணாடியில் நிற்காமல் ஊடுருவிப் போய் அம்மாவின் முகத்தில் படிந்தது. நெற்றியில் எண்கள், அதற்குக் கீழே முகம் முழுக்க ஆங்கில எழுத்துகள்.

"என்ன கருமம்ண்ணே இது?"

"புது கீபோர்டு. தட்டையா ஒரு எடம் இருந்தாப் போதும், வெளிச்சத்தத் தட்டினா போன்ல தமிழா விழும். வாட்ஸ்அப் குரூப்புக்கெல்லாம் சொல்லணும்ல?"

அவன் அம்மாவின் இமைக்கு மேலே தட்டினான், மூக்குக்கு மேலே தட்டினான். போனில் ஓடியது: 'என் தெய்வமே, தினமும் என்னோடு பேசிய தாயே...'

ஞாயிறுதோறும் அவனுக்குப் போன் போட்டு அம்மாவிடம் கொடுத்தவள் நான். முழங்கால் வலி, எதிர் ஃபிளாட் பூனை குட்டி போட்டது, கனவில் அவன் வந்தது என்று அவள் சொல்லிக்கொண்டே போவாள். ஸ்பீக்கரில் அவன் பதில் எப்போதும் ஒன்றுதான்: "ம்."

ஓர் ஈ வந்து அம்மாவின் உதட்டுக்கு நேரே கண்ணாடியில் உட்கார்ந்தது. அங்கே விழுந்திருந்த ஆங்கில எழுத்து 'எம்'. போனில் 'தாயே' என்பதை அடுத்து 'ம்' என்று விழுந்தது.

"ச்சீ" என்று விரட்டினான். அழித்துவிட்டு மறுபடி தட்டினான். ஈ திரும்பி அதே இடத்துக்கு வந்தது.

ம்.

அவன் ஓங்கிய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ சொல்லிட்டே இருண்ணே. அம்மாதான் உம் கொட்டுதே."