அனுஜா சொல்லாத பயனிலை

முத்துக்குமரன் வாத்தியாருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மதியம் அதிகாரி ஆய்வுக்கு வருகிறார். இன்றைக்குப் பார்த்தா ஐந்தாம் வகுப்பு வாயைப் பூட்டிக்கொள்ள வேண்டும்?

பயனிலையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிற பிள்ளைகள்தான். 'கமலா பாடினாள்' என்று எழுதினால், 'பாடினாள்' என்று கூரை அதிரும்.

ஆனால் உதாரணங்களைப் பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்து எடுக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. பள்ளிக்கூடம் இருப்பது மீனவர் ஊரில்; வாத்தியாரோ பனங்காட்டு உடன்குடிக்காரர். கடற்கரை வாழ்க்கை என்று அவருக்குத் தெரிந்ததெல்லாம் பேப்பரில் படித்ததுதான். அதிலிருந்தே ஒரு வரியைப் பிடித்துப் பெருமையாகக் கரும்பலகையில் எழுதிவிட்டார்.

'கடலுக்குச் சென்ற மீனவர்கள் கரை திரும்பவில்லை.'

பயனிலை எது என்று கேட்டார். சத்தமே இல்லை. வகுப்பிலேயே கெட்டிக்காரி அனுஜாவை எழுப்பினார். அவள் 'மீனவர்கள்' என்றாள். அது எழுவாய் என்று அதட்டி, கடைசிச் சொல்லைக் குச்சியால் தொட்டே காட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியலையா, இல்ல சொல்ல மாட்டியா?"

"தெரியும் சார். அப்பா வள்ளம் கடல்ல கெடக்கு. அது வந்து சேருத வரைக்கும் அந்தச் சொல்ல நாங்க வாயில எடுக்க மாட்டோம்."

மொத்த வகுப்பும் ஆமாம் என்று தலையாட்டியது. வாத்தியாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளம் கட்டுகிறார்கள், இங்கே இப்படியொரு மூடநம்பிக்கையா?

"ஏளா, நீ இங்கன சொன்னா அங்கன வள்ளத்துக்கு என்ன ஆயிரும்? வார்த்தைங்கது வெறும் காத்துதான். சொல்லுத வரைக்கும் நில்லு."

நின்றாள். கண்ணில் நீர் முட்டியதே தவிர வாய் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வாத்தியாரின் போன் அடித்தது. ஒரே மகன் சிவப்பிரகாஷ். துபாயில் வேலை கிடைத்து, முதல்முதலாக விமானம் ஏறப் போகிறான்.

"அப்பா, கூப்பிட்டுட்டாங்க. போறேன்."

வாத்தியாரின் முகம் வெளுத்துவிட்டது. அதிகாரியும் ஆய்வும் எங்கே போயினவோ.

"ஏலே, கிளம்புத நேரத்துல என்ன பேச்சு பேசுத? போயிட்டு வாரேன்னு சொல்லுலே. சொல்லிட்டுப் போனை வை."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தார். பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது. திரும்பிப் பார்த்தால் வகுப்பு முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை.

நின்றுகொண்டிருந்த அனுஜாதான் கவலையோடு கேட்டாள்.

"அண்ணன் சொல்லிட்டாங்களா, சார்?"