மூன்று மணித் தூக்கம்

"நான் தூங்கல சார். தூங்கினேன்னு யாரு பாத்தது? அத்த மொதல்ல சொல்லுங்க."

வாட்ச்மேன் அப்பாதுரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே இதைச் சொன்னார். செம்பாக்கம் ஏரிக்கரை அடுக்ககத்தின் செக்ரட்டரி பட்டாபிராமனுக்கு, அவர் தூங்கியதை விட எழுந்திருக்காததுதான் பெரிய குற்றமாகப் பட்டது.

"யார் பாக்கணும்? லிஸ்ட் சொல்லுதே" என்று கேட் அறை லேப்டாப்பைக் காட்டினார். "யார் வந்தாலும் இதுல பதியணும். தினமும் மத்தியானம் மூணு மணிக்கு மேல அரைமணி நேரம் ஒரு பேர் கூட இல்ல."

"அந்த நேரத்துக்கு அது அப்டியே நின்னுபூடுது சார். இன்னா தட்டினாலும் ஏற மாட்டேங்குது."

"அதென்னப்பா, உனக்குத் தூக்கம் வர நேரத்துக்கே கரெக்டா கம்ப்யூட்டருக்கும் தூக்கம் வருது?"

இப்படிக் கேட்டது செக்ரட்டரியின் மனைவி சுந்தரவல்லி. லிஸ்டில் இருந்த அந்த ஓட்டையை முதலில் கண்டுபிடித்த புண்ணியவதியும் அவள்தான். அவள் வீடு மூன்றாவது மாடியில், ஏரியைப் பார்த்த பின்பக்கம். அங்கிருந்து கேட்டின் கம்பிகூடத் தெரியாது. இருந்தும் காலையிலிருந்து எந்த வீட்டுக்கு யார் வந்தார், எத்தனை நிமிஷம் இருந்தார் என்பதெல்லாம் சாயங்காலக் காபிக்குள் அவளுக்கு வந்து சேர்ந்துவிடும். எப்படி என்று யாரும் கேட்டதில்லை. அடுத்த வீட்டுக் கதை சூடாகக் கிடைத்தால் போதாதா?

"சாஃப்ட்வேர் வாங்கி ஒரு மாசம்கூட ஆகல. கம்பெனியில கேட்டாச்சு" என்றார் பட்டாபிராமன். "பழுதுன்னா லாக் எடுத்து அனுப்புங்கறான். லாக் இல்லேன்னா பழுதே இல்லங்கறான். அடுத்த ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல வேற ஆளைப் பேசிடலாம்."

அப்பாதுரைக்கு வேலை போவதுகூடப் பெரிதில்லை. இனி தாம்பரம் வட்டாரத்தில் எந்தக் கேட்டுக்குப் போனாலும், 'தூங்குற வாட்ச்மேன்' என்ற பேர் அவருக்கு முன்னால் போய் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்.

"அப்ப அந்த லாக்கை எடுங்க சார். எடுத்துட்டு அப்பால என்னை அனுப்புங்க. அது வரிக்கும் இந்த சேரை வுட்டு எயுந்துக்க மாட்டேன்."

லாக் எடுக்க வந்தவள் முதல் மாடி ஸ்ம்ருதி. ஊரார் எழுதும் சாஃப்ட்வேரில் குற்றம் கண்டுபிடிப்பதே உத்தியோகம். அதையும் வீட்டில் உட்கார்ந்தபடியே செய்பவள்.

"சாஃப்ட்வேர் தான் பண்றதை எல்லாம் நேரம் போட்டு எழுதி வைக்கும் அண்ணா. அதுதான் லாக். இதுல அதை ஆஃப் பண்ணி வச்சிருக்காங்க" என்று எதையோ தட்டிவிட்டாள். "இனிமே இது தும்மினாக்கூட எழுதும். நீங்களும் நிக்கற நேரத்தை ஒரு நோட்ல குறிச்சு வைங்க. ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா ஒருத்தரும் வாயத் திறக்க முடியாது."

அப்பாதுரை குறித்தார். 'செவ்வாய் 3.04 நின்னுச்சி. 3.29 முயிச்சிகிச்சி.' கடந்து போன சுந்தரவல்லி, "என்னப்பா, சுயசரிதையா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, கேட்டை ஒட்டிய கார் நிறுத்தும் இடத்தில் மீட்டிங். எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது. தண்ணீர் லாரி விஷயம் பேசக் கூப்பிட்டால்கூட இவ்வளவு பேர் வருவதில்லை. ஸ்ம்ருதி லேப்டாப்பைத் திறந்தாள். ஆனால் படிக்கவில்லை.

"தப்பு சாஃப்ட்வேர்லதான் அங்கிள். லாக்கை கம்பெனிக்கு அனுப்பிட்டேன். அண்ணா தூங்கல. இதோட விட்டுடலாமே."

"அதெப்படி?" சுந்தரவல்லி முன்னால் வந்தாள். "அவனுக்குச் சாதகமா ஒரு வார்த்தை சொல்லிட்டு மூடிடுவியா? ஒரு வரி விடாம படி. எல்லார் காதுலயும் விழட்டும்."

"படிம்மா" என்றார் அப்பாதுரை, நாற்காலியில் இருந்தபடியே. "நானும் அத்தத்தான் சொல்றேன்."

ஸ்ம்ருதி பெருமூச்சு விட்டுப் படித்தாள். "செவ்வாய், மூணு நாலு. இதே ஐடி வேற இடத்துல திறந்ததால இந்த லேப்டாப் பூட்டப்பட்டது. மூணு இருபத்தொம்பது. அந்த இடம் மூடியாச்சு, பூட்டு விலகியது."

அப்பாதுரை நோட்டில் விரல் வைத்துச் சரிபார்த்தார். புதன், வியாழன், வெள்ளி எல்லாம் நிமிஷம் தப்பாமல் பொருந்தின.

"இதே ஐடின்னா யாரோடது?" என்றது கூட்டம்.

"செக்ரட்டரி ஐடி" என்றாள் ஸ்ம்ருதி. "இன்னொண்ணு எதுக்கு வீணான்னு கேட்டுக்கும் அதையேதான் போட்டு வச்சிருக்கோம்."

பட்டாபிராமன் பதறிப்போனார். "மூணு மணிக்கு நான் எப்படித் திறப்பேன்? அந்த நேரத்துல நான் தினமும் தூங்கிட்டிருப்பேனே."

கூட்டம் சிரித்து ஓய்வதற்குள், "போதும் ஸ்ம்ருதி, அவங்கவங்களுக்கு வேலை இருக்கு" என்றாள் சுந்தரவல்லி.

"ஒரு வரி விடக்கூடாதுன்னீங்களே ஆன்ட்டி" என்ற ஸ்ம்ருதி, கடைசி வரியையும் படித்தாள். "திறந்த இடம், சுந்தரவல்லி டேப்லெட். பார்த்த பக்கம், எல்லா வீடுகளுக்கும் வந்தவர்கள் பட்டியல்."

அப்பாதுரை இப்போதுதான் எழுந்தார். நாற்காலியைத் துண்டால் தட்டி, கேட்டைப் பார்க்கத் திருப்பி, சுந்தரவல்லியின் முன்னால் போட்டார்.

"குந்துங்கம்மா. யாரு வூட்டுக்கு யாரு வராங்கன்னு இங்கேர்ந்து நேராவே தெரியும்."