கலைந்த எழுத்து

"இதுல இருக்கறதை எல்லாம் அழிச்சிடுப்பா. என்னால பார்க்க முடியல" என்று டேப்லெட்டை மேசையில் வைத்தாள் அவள். முதியோர் இல்லத்திலிருந்து அப்பாவின் துணிமணியோடு அதுவும் திரும்பி வந்திருந்தது.

பக்கத்து நாற்காலிக்காரன் வாங்கிக்கொண்டான். அலுவலகத்தில் அவனுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். யார் எழுதிய மென்பொருளைக் கொடுத்தாலும் அதில் ஓர் ஓட்டையாவது கண்டுபிடிக்காமல் விடமாட்டான்.

பக்கவாதம் வந்ததில் அப்பாவுக்குப் பேச்சும் போனது, வலக்கையும் போனது. இடக்கையில் ஒரு விரல்தான் மிச்சம். மகளுக்கு மனசு கேட்கவில்லை. அவர் தட்டித் தட்டியாவது பேசட்டும் என்று, திரையில் தமிழ் எழுத ஒரு மென்பொருள் பெட்டியைத் தானே உட்கார்ந்து உருவாக்கினாள். தன் கணினியில் எழுத்து முத்து முத்தாக விழுந்ததும், வீட்டில் சும்மா கிடந்த பழைய டேப்லெட்டில் அதை ஏற்றி அவர் மடியில் வைத்தாள்.

அப்பா தட்டினார். திரையில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுநடுவே வெறும் வட்டங்கள். ஒரு வார்த்தைகூடத் தேறவில்லை.

பிறந்த வருஷத்தைக் கேட்டால் மட்டும் பிசகில்லாமல் அடித்தார். சிலருக்கு எண் கடைசிவரை மறக்காது, மற்றபடி மூளை குழம்பிவிட்டது என்றார் டாக்டர். எல்லாரும் வேலைக்குப் போகிற வீட்டில் இவரை யார் பார்ப்பது என்றான் அண்ணன். அவளும் எத்தனை நாள்தான் மல்லுக்கட்டுவாள், பாவம்.

இல்லத்துக்குக் கிளம்பிய அன்று அப்பா விடாமல் தட்டினார். டேப்லெட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, தலையைத் தலையை ஆட்டினார். "ஒண்ணும் புரியலப்பா" என்று அழுதுகொண்டேதான் அவரை வண்டியில் ஏற்றினாள். அங்கே போனவர் மழைக்காலத்தைத் தாண்டவில்லை. கடைசி நேரத்தில் பக்கத்தில் சொந்தம் என்று ஒருவரும் இல்லை.

பூதக்கண்ணாடிக்கு எதையும் பார்க்காமல் அழிக்கிற வழக்கமே கிடையாது. அப்பா அடித்ததை எல்லாம் முதலில் தன் கணினிக்கு மாற்றினான். திறந்து பார்த்தான்.

"அக்கா, இங்க வாங்க" என்றான் மெதுவாக.

அதே எழுத்துகள்தான். தமிழைச் சேர்த்துக் காட்டத் தெரியாத அந்தப் பழைய டேப்லெட்டில் சிதறிக் கிடந்தவை, அவன் திரையில் ஒழுங்காகச் சேர்ந்து நின்றன. பக்கம் பக்கமாக ஒரே வாக்கியம். கண்ணீர் மறைத்ததில் அவளால் வாசிக்க முடியவில்லை, அவன்தான் வாசித்தான்.

"கண்ணு, நான் சரியாத்தான் அடிக்கிறேன். உன் பெட்டிதான் தப்பாக் காட்டுது."