கடைசி வளைவு

“பீஈஈப்!”

விசில் சத்தம் கேட்டதும், பக்கத்து வீட்டுக்காரி உதறிக்கொண்டிருந்த ஈரத்துணியோடு ஓடிவந்தாள். உள்ளே அம்மாவும் மகளும் தரையில் மல்லாந்து, கண்களை மூடிக் கிடந்தார்கள். மகளின் கழுத்தில் விசில். இருவருக்கும் நடுவே உடற்கல்விப் புத்தகம்.

“நாளைக்குப் பரீட்சைய வச்சிக்கிட்டு அம்மாவும் பொண்ணும் தூக்கமா?”

“ஓடிக்கிட்டு இருக்கோம் அத்தை,” என்றாள் மகள், கண்ணைத் திறக்காமலே.

“படுத்துக்கிட்டேவா?”

“மனசுக்குள்ள ஓடிப் பார்த்தா உடம்பும் பழகிடும்னு பாடத்துலயே இருக்கு. எழுத்துப் பரீட்சை முடிஞ்சாச்சு. பத்தாவதுல உடற்கல்வியும் ஒரு பாடமா எடுத்தாச்சு, நாளைக்கு எண்ணூறு மீட்டர் ஓடி முடிச்சாத்தான் பாஸ்.”

“நல்ல படிப்புடி! என் வீட்டுக்காரர் இதுல பட்டமே வாங்கிடுவார்.”

அம்மாவின் உதட்டோரம் சிரிப்பு நெளிந்தது. ஜன்னல் திரை மெல்ல உப்பித் தணிந்தது. வெள்ளைக் கோடு போட்ட மைதானம் ஒன்று அந்தச் சின்ன அறைக்குள் விரிந்துகொண்டே போனது.

“கடைசி வளைவு வந்தாச்சு,” மகளின் குரல் தாழ்ந்தது. “தினமும் இங்கதான் கால் நின்னுடுது. இன்னிக்கு நிக்கக் கூடாது. காத்து முதுகுல கை வச்சுத் தள்ளுது. கோடு தெரியுதா?”

“தெரியுது,” என்றாள் அம்மா. அவள் கால்விரல்கள் துடித்தன. மார்பு ஏறி இறங்கியது.

பக்கத்து வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. “பரீட்சை பிள்ளைக்கு. நீ எதுக்குடி கூடவே மூச்சு வாங்குறே? எழுந்து அடுப்பைப் பாரு.”

மகள் எழுந்து உட்கார்ந்து, அம்மாவின் மணிக்கட்டில் நாடியைப் பிடித்தாள்.

“சத்தம் போடாதீங்க அத்தை. நான் போன வருஷமே பாஸ் பண்ணிட்டேன். நாளைக்கு ஓடப்போறது அம்மா.”