உலைக்குள் இறங்கியவரின் பெயர்

பாழடைந்த இரும்பாலையைச் சுற்றிப் பார்த்தபோது, அதன் பழைய மேனேஜர் ரங்கபாஷ்யம் துருப்பிடித்த உலையைச் செல்லமாகத் தட்டி, "என் காலத்துல ஒருநாள்கூட வேலை நின்னதில்லம்மா" என்றார். வழிகாட்டி சடைச்சி பக்கத்து மலையிடுக்கின் அடிவரை அவரை இறக்கிக் கூட்டிப்போய், மேலேறும் தடம் அவளுக்கு மட்டுமே தெரிந்த இடத்தில் பாறைமேல் உட்கார்ந்துகொண்டாள்.

"உலைக்குள்ள ஆளு சுத்தம் பண்ணிட்டிருக்குன்னு எல்லாரும் கத்தியும் தீ மூட்டச் சொன்னீங்களே, அது என் வீட்டுக்காரருங்கய்யா."

ரங்கபாஷ்யம் கைகூப்பினார். "மன்னிச்சிரும்மா. மேல கூட்டிட்டுப் போயிரு."

"போலாம். அவரு பேரச் சொல்லுங்க."

"முருகேசனா?"

"இல்ல."

"முத்து... முத்துசாமி?"

சடைச்சி வெற்றிலையை மடித்து வாயில் அதக்கினாள்.

"அவசரமில்லீங்கய்யா. கரடி இங்க தண்ணிக்கு இறங்க இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்கு. நல்லா யோசிங்க."