மீன் இல்லாத தொட்டி

ஊசிக்குழாயில் சரியாக ஐந்து மில்லி உறிஞ்சி, கண்ணாடிக் குழாயில் விட்டு, மருந்தை ஐந்து சொட்டு எண்ணிப் போட்டாள் சம்ரீன். முடிவு தெரிய ஐந்து நிமிடம் ஆகும். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“என்ன சொல்லுது?” என்றார் கட்டிலில் படுத்திருந்த மாமியார் கமர் ஜஹான்.

“இருங்க மாமி. நிறம் வரட்டும்.”

சோதனை மாமியாருக்கு இல்லை. ஹாலில் நாலடி நீளத்துக்குச் சுவரை அடைத்துக்கொண்டிருந்த கண்ணாடித் தொட்டிக்கு. உள்ளே உப்புத் தண்ணீர், கடல் பாறைகள், அலையடிக்க ஒரு மோட்டார், அழுக்கை நுரையாக்கித் தள்ள இன்னொரு மோட்டார், திருச்சி வெயிலில் தண்ணீர் கொதிக்காமலிருக்கக் குளிரவைக்கும் பெட்டி என்று சகலமும் இருந்தன. மீன் மட்டும் இல்லை.

“காவேரித் தண்ணி வர்ற ஊர்ல உப்பக் கரைச்சுக் கடல் செய்யறான் எம்புள்ள” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வார் மாமியார்.

அந்தப் பிள்ளை குத்புதீனுக்குக் கத்தாரில் வேலை. ஒரு பெரிய ஹோட்டலில் பவளமும் வண்ண மீனும் வளரும் கடல் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது. போன லீவில் வந்தவன் இந்தத் தொட்டியை வைத்துவிட்டு, பெண்டாட்டிக்கு ஒரு வாக்கும் கொடுத்துவிட்டுப் போனான். தண்ணீர் பக்குவமாகி, சோதனையில் ஊதா போய் நீலம் வந்ததும் வேலையை விட்டுவிட்டு வருவான். இதையே தொழிலாக வைத்துக்கொண்டு ஊரோடு இருப்பான்.

தண்ணீர் ஊற்றி மூன்று மாதம் ஆகிறது. நீலம் வரப்போகிற நேரம் பார்த்து, “இன்னும் ரெண்டு கல்லு போடு” என்பான். புதுக் கல்லின் அழுக்கு கரைந்ததும் மறுபடி ஊதா. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவனோடு சேர்ந்திருந்தது மொத்தம் பதினோரு மாதம். சம்ரீன் வேறு எதற்காக அந்தத் தொட்டியைக் கட்டிக்கொண்டு மாரடிப்பாள்?

ஐந்து நிமிடம் ஆயிற்று. குழாயில் பளிச்சென்று நீலம். படம் பிடித்து அனுப்பிவிட்டு, கையோடு போன் போட்டாள்.

“மச்சான், நீலம் வந்துடுச்சு! பாத்தீங்களா?”

மறுமுனையில் வழக்கமான இரைச்சல். தன் அறையில் இருக்கிற ஏசி கிழடு, லாரி மாதிரி கத்தும் என்பான்.

“பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. எதுக்கும் இன்னும் ரெண்டு கல்லு போட்டு…”

சம்ரீனுக்குச் சுருக்கென்றது. “கல்லு மேல பழியப் போடாதீங்க. வர இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லிடுங்க. அங்க வேற யாராச்சும் இருக்காங்களா?”

“என்ன பேச்சு பேசுற…”

அவன் முடிப்பதற்குள் வெளியே டமாரென்று ஒரு சத்தம். மின்விசிறி நின்றது. தொட்டியில் அலை அடங்கியது.

“ஐயோ, கரண்ட் போச்சு!”

“பதறாத. மொதல்ல பிளக்கையெல்லாம் பிடுங்கிடு. பேட்டரி பம்பத் தண்ணியில போடு.” வீடே அடங்கிப் போனதில் அவன் குரல் பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்டது.

பேட்டரி பம்ப் நேரம் பார்த்துக் காலை வாரியது. தண்ணீர் அசையாமல் நின்றால், அதைப் பக்குவமாக்கும் நல்ல கிருமிகள் கல்லிலேயே செத்துவிடும். மூன்று மாதப் பாடும் மண்ணாகி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

“மக்கால மொண்டு மொண்டு ஒசரத்துலேர்ந்து ஊத்து. நிறுத்தாத.”

போனை ஸ்பீக்கரில் போட்டுத் தொட்டி மேல் வைத்துவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு ஊற்றினாள். பக்கத்து வீட்டு லூர்துராணி ஜன்னலில் எட்டிப் பார்த்து, “நம்ம பாலக்கரை மட்டுமில்ல சம்ரீன், பீமநகர் வரைக்கும் போச்சாம்!” என்று சேதி சொல்லிவிட்டுப் போனாள்.

இருபது நிமிடம். தோள்பட்டை கழன்று விழும் போல இருந்தது. அவ்வளவு நேரமும் அவன் போனை வைக்கவில்லை. “அப்படித்தான், இன்னும் கொஞ்சம்” என்று கூடவே இருந்தான். சற்று முன் அவனைச் சந்தேகப்பட்டதற்காகத் தன் மீதே அவளுக்குக் கோபம் வந்தது.

திடீரென்று விளக்கு எரிந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான்.

“அப்பாடா, வந்துடுச்சு. மொதல்ல அலை மோட்டாரப் போடு.”

அவன் பேசி முடிக்கும்போதே, இவ்வளவு நேரம் கேட்காமலிருந்த அந்த லாரி இரைச்சல் போனுக்குள் மெல்லக் கிளம்பி வேகம் பிடித்தது.

கையிலிருந்த மக்கு அந்தரத்தில் நின்றது. அவள் இன்னும் ஒரு பிளக்கைக்கூட மாட்டவில்லை. கரண்ட் வந்ததை யாரும் அவனுக்குச் சொல்லவுமில்லை.

சம்ரீன் மாமியாரைப் பார்த்தாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டாள். ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

“மச்சான், வேலை போயிடுச்சா?”

அந்த இரைச்சலுக்கு நடுவே அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்:

“நடந்து வந்தா எத்தன நிமிஷம் ஆகும்?”