ஏணியடியில் ஓர் ஆமென்

வேதக்கோயில் கோபுரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற தங்கநேசன், ஏணியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் "ஏட்டி, பிடிச்சிருக்கியா?" என்று கேட்பான். கீழே ஏணியைப் பிடித்து நிற்கும் மனைவி ஜெபக்கனி, பதில் சொல்லிச் சொல்லிச் சலித்து, "ஆமென்" என்பாள்.

அந்தப் பக்கம் வந்த சபைப் போதகரான ஐயரிடம் அவன் மேலிருந்தே புகார் சொன்னான். "ஜெபத்துல சொல்லுத வார்த்தய ஏணிக்குச் சொல்லுதா, ஐயரே. கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

ஐயர் சிரித்துவிட்டார். "அவ சொல்லுததுதான்டே சரி. எபிரேயத்துல அந்த வார்த்தையோட வேருக்கு அசையாம நிக்கதுன்னுதான் அர்த்தம். பிள்ளையக் கையில ஏந்துத செவிலித்தாய்க்கும் அங்க அதே வேர்ல இருந்துதான் பேரு."

அன்று மதியமே, சிந்திக் கிடந்த சுண்ணாம்புத் தண்ணீரில் ஏணிக்கால் வழுக்கியது. அவனுக்குக் கேட்க நேரமில்லை. அவளுக்குப் பதில் சொல்லவும் நேரமில்லை. ஏணி ஒரு சாண் சறுக்கி, நின்றுவிட்டது. அவன் இறங்கி வந்து பார்த்தபோது, அவளுடைய இரண்டு உள்ளங்கைகளும் தோலுரிந்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் ஜெபத்தை முடித்ததும், கண்மூடியிருந்த சபை முழுவதும் "ஆமென்" என்றது. தங்கநேசன் மட்டும் கண்ணைத் திறந்து, பெண்கள் பக்கத்தில் துணி சுற்றிக் குவிந்திருந்த இரண்டு கைகளைப் பார்த்தபடி, சற்றுப் பிந்தி அதைச் சொன்னான்.